கெடுவும் மௌனமும்: மின்னஞ்சல் நியமங்கள் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

தொழில்நுட்ப நியமங்களை விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கொள்ளும் மனோபாவம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும், கட்டளையும் பரிந்துரையும் கலந்த மொழியில் உழைப்பையும் காலத்தையும் ஒழுங்குபடுத்தும் எந்த எழுத்தும் கருத்துநிலைச் சார்பற்றதாக இருத்தல் இயலாது. 1989இல் வெளிவந்த ஆர்.எவ்.சி. 1122, 1123 ஆகியவற்றையும் 2008இல் வெளிவந்த 5321ஐயும் இந்நோக்கிலேயே வாசிக்கின்றோம். முதலாவது கணினிகளுக்கிடையிலான இணைப்புப் பற்றியது. ஏனைய இரண்டிலும் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் முறை வகுக்கப்படுகின்றது.

ஒரு கணினி இன்னொன்றை அழைக்கின்றது. மறுபுறக் கணினி இயங்கிக்கொண்டிருந்து, அழைப்பை ஏற்கும் மென்பொருள் மட்டும் இல்லாதிருப்பின், பொதுவாக உடனே மறுப்பு வந்துவிடும். மறுப்பும் ஒரு விடையே. ஆனால் அது மின்சாரமின்றிக் கிடக்குமாயின், பெரும்பாலும் எவ்விடையும் வாராது. கணினி நின்றுவிட்டதா, வழியில் தாமதமா என்பதை மௌனத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாமையால், அழைத்த கணினி கெடு ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்க நேரிடுகின்றது. லினக்ஸில் நெடுங்காலம் வழக்கிலிருந்த ஏற்பாட்டின்படி, முதலழைப்பின் பின் 1 செக்கன், அடுத்து 2, 4, 8 என இடைவெளி இரட்டித்து, ஆறு மறு அழைப்புகளும் பயனற்றுப்போகையில் 127 செக்கன்கள் கழிந்துவிடும். (1122 குறைந்தது 3 நிமிடமேனும் முயல வேண்டும் என்றே பணித்தது; நடைமுறை அக்கட்டளையைப் பொருட்படுத்தவில்லை.) ஒரே வரிசையில் நிற்கும் 50 கடிதங்கள் நின்றுபோன கணினி ஒன்றுக்கு உரியனவாயின், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே காத்திருக்க ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். பின்னால் நிற்பவை இயங்கும் கணினிகளுக்கு உரியனவாயினும் அவையும் முடங்கும்.

முதலில் தோன்றும் பரிகாரம் கெடுவைக் குறைப்பது. 127ஐ 5 ஆக்கினால் தாமதம் பெரிதும் நீங்கும் என்பது உண்மையே. ஆனால் இது வெறும் சீர்திருத்தவாதம். மெதுவான இணைப்பின் மறுமுனையில் உள்ளவர், இயங்கிக்கொண்டிருக்கும்போதே இல்லாதவராகக் கணிக்கப்படுகிறார். மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் (1885) மார்க்ஸ், தொடர்பு சாதனங்களின் வளர்ச்சி சுற்றோட்டக் காலத்தைக் குறுக்குவதை ஆராய்ந்தார். நாம் மேலும் ஒன்று கேட்கவேண்டியுள்ளது: குறுக்கப்பட்ட காலத்தின் செலவு எவர் கணக்கில் எழுதப்படுகின்றது? முல்லைத் திணையில் கார்காலம் தலைவன் குறித்துச் சென்ற கெடுவாகும். மழை வந்தும் அவன் வாராவிடத்து, இது பருவமன்று என்று தோழி வாதிடுவாள். அவள் கெடுவை நீட்டுகிறாள், பொறியியலாளர் சுருக்குகிறார். காத்திருப்பின் அமைப்பை இருவருமே மாற்றுவதில்லை.

அவ்வமைப்பைத் தொட்டதே 1123இன் சிறப்பு. எட்டமுடியாத கணினிகளின் பட்டியலொன்றை அனுப்புபவர் பேணவேண்டும் என்று அது பரிந்துரைக்கின்றது. ஒரு கடிதம் கண்டறிந்த தோல்வியை மற்றைய நாற்பத்தொன்பதும் மீளக் கண்டறியத் தேவையில்லை, அனுபவம் பொதுவுடைமையாகின்றது. அதே பரிந்துரையை மீட்டுரைக்கும் 5321, மறுமுயற்சிகளுக்கிடையே பொதுவாக 30 நிமிடமேனும் விடுமாறும், கைவிடுமுன் 4-5 நாளேனும் பொறுக்குமாறும் கூறுகின்றது. இதனால் ஒரு முயற்சியின் பொறுமையும் கடிதத்தின் பொறுமையும் வேறாகின்றன. முன்னையது குறுகலாம், பின்னையது நீளவேண்டும். சேருமிடந்தோறும் தனி வரிசை அமைக்கும் மென்பொருள்கள் இப்பிரிவினையை மேலும் முன்னெடுத்தன.

தோல்விகள் பெரும்பாலும் தற்காலிகமானவை என்னும் இந்நூல்களின் எடுகோள், 'செத்த கணினி' என்ற தொழில் வழக்கைவிட மனிதாயமானது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியது. அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் வாராத நாடொன்றில், வழங்கி ஒன்றின் மௌனம் தொழில்நுட்பப் பழுதன்று. நான்கு நாட் பொறுமை அம்மௌனத்தைக் கடக்கவல்லது. ஐந்து செக்கனோடு கடிதத்தையே கைவிடும் ஏற்பாடு கடக்காது.

எனினும் பட்டியலுக்கும் ஒரு குறையுண்டு. மின்சாரம் மீண்டபின்னும் அடுத்த மறுமுயற்சி வரை பெயர் அதிலேயே கிடக்கும். முயற்சிகள் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாகத் தளர்ந்தபின் இது சிறிய காலமன்று. அனுப்புபவரின் ஞாபகம் பெறுபவரின் நிலையை அறியாது. 1996இல் வெளிவந்த ஆர்.எவ்.சி. 1985, மீண்டுவந்த கணினி தனக்குரிய வரிசையை இயக்குமாறு தானே கேட்பதற்கு வழிசெய்தது. காத்திருக்க வைக்கப்பட்டவருக்கு வாய் கொடுத்த ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட 5321 அதனைக் கட்டாயமாக்கவில்லை.