தண்ணிக்கு மேலே என் இரும்பு வீடு

சொந்த வீடு என்றாலே செங்கல், மணல், மேஸ்திரி பின்னால் அலைச்சல் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை பொன்னேரிப் பக்கம் வாருங்கள், என் வீட்டைக் காட்டுகிறேன். இரண்டு இருபதடி கன்டெய்னர், மொத்தம் 320 சதுர அடி. தரையிலிருந்து நாலடி உயரத்தில் கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கிறது. காலையில் டிரெய்லரும் ஹைட்ரா கிரேனும் வந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பெட்டியும் தூண் மேல் உட்கார்ந்துவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதில்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவனுக்கு இரும்பு புதிதல்ல. ஊரெல்லாம் கட்டுகிற வீடுகளுக்கு டிஎம்டி கம்பி உருட்டித் தருகிற பட்டறைகள் எங்கள் ஊரில்தான் இருக்கின்றன. இந்தப் பக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள். மாதவரம், மணலி, மீஞ்சூர் ரோட்டில் எங்கே திரும்பினாலும் கன்டெய்னர் யார்டு. கடலில் ஓடி ஓய்ந்த பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். வெல்டருக்கும் பஞ்சமில்லை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு நாம் ஆற்று மணலுக்கு அடித்துக்கொண்டிருக்கிறோம்!

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தெற்கே கொசஸ்தலை, வடக்கே ஆரணியாறு, நடுவில் நாங்கள். பூண்டி ஏரி நிரம்பி ஷட்டரைத் தூக்கினால் கொசஸ்தலையில் வந்து எண்ணூர் வரைக்கும் போகும். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டை வழியாக ஆரணியாறு பழவேற்காட்டுக்குப் பாயும். 2015-ல் எங்கள் தெருவில் ஏறிய தண்ணீரின் கறை பக்கத்து வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. அந்தக் கறைக்கு மேலே ஒன்றரை அடி விட்டுத்தான் தூண் எழுப்பச் சொன்னேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தண்ணீர் எங்கள் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனது. நாங்கள் மேலே உட்கார்ந்து பஜ்ஜி போட்டோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் மிக்ஸி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் அன்று எங்கள் பெட்டிக்குள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெட்டி செய்து கொடுத்த பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இருபதடி கன்டெய்னர் காலியாக 2.2, 2.3 டன் இருக்கும். கேட்கப் பெரிய கனம்தான். ஆனால் அடிப்பரப்பு 160 சதுர அடி. இறுக்கமாக மூடிய காலிப் பெட்டியைச் சுற்றி அரையடித் தண்ணீர் ஏறினாலே போதும், படகாகிவிடும்! சாமான் ஏற்றினால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அதனால் உயரத் தூக்கி வைத்தால் மட்டும் வேலை முடியாது, கட்டியும் போட வேண்டும். தூணின் தலையில் இரும்புத் தகடு பதித்து, பெட்டியின் நாலு மூலையையும் அதோடு பூட்டியிருக்கிறோம். கப்பலில் பெட்டிமேல் பெட்டி அடுக்கிப் பூட்டுவதும் அதே மூலைத் துளைகளில்தான். 2016-ல் வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியின் பலமெல்லாம் அந்த மூலைத் தூண்களிலும் மடிப்புத் தகட்டிலும்தான். ஜன்னலுக்கு வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதுரக்குழாயில் சட்டம் அடிக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு வாசல் அகலம் மட்டுமே வெட்டினோம். ஹால் பெரிதாக வேண்டும் என்று பக்கச் சுவரை முழுசாக உருவிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் அத்தை முதல் நாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். “இன்னாப்பா இது, லாரிப் பொட்டியில குடித்தனமா? சித்திரை மாசம் வெந்து பூடுவீங்க!” அத்தை கேட்டது நியாயம்தான். வெறும் இரும்புப் பெட்டியை மே மாத வெயிலில் வைத்தால் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். அதற்காக உள்சுவரில் இரண்டு அங்குலம் ராக்வூல் அடைத்து, மேலே சிமென்ட் போர்டு அடித்திருக்கிறோம். பெட்டியின் தலைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தனியாக ஒரு ஷீட் கூரை. அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் சூடு கீழே இறங்குவதில்லை. மழைச் சத்தமும் பாதியாகிவிட்டது. எதிரெதிரே ஜன்னல். சீலிங் ஃபேன் மட்டும் கிடையாது. உள்ளே ஏழரை அடிக்கும் கம்மியான உயரம், கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் விரல் போய்விடும். சுவர் ஃபேன்தான். போன அக்னி நட்சத்திரத்தில் அத்தையே இங்கே வந்து மத்தியானத் தூக்கம் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேன்!

கழிப்பறைக்கு பயோ டைஜெஸ்டர் தொட்டி, அதுவும் தரைக்கு மேலே. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ சியாச்சின் பனிமலைக்காக உருவாக்கி, பிறகு ரயில் பெட்டிகளுக்கு வந்த தொழில்நுட்பம். வெள்ளத்தில் செப்டிக் டேங்க் பொங்கி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் 2006-லேயே இப்படி ஆயிரம் பெட்டிகளை அடுக்கி மாணவர் குடியிருப்பு ஆக்கினார்கள். சென்னை ஐஐடியில் முளைத்த மாடுலஸ் ஹவுசிங் 2020-ல் மடித்து விரிக்கிற மருத்துவமனை அறைகளை வயநாட்டின் வரதூருக்குக் கொண்டுபோனது. நாலு பேர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாக்கத்தில் 2022-ல் திறந்த 1,152 வீடுகளும் சுவரையும் தளத்தையும் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியவைதான்.

இந்தப் பெட்டிகள் தொழிலாளர் தங்குமிடத்துக்கும் ஆகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024-ல் சிப்காட் விடுதி திறந்தது. பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் கும்மிடிப்பூண்டியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலை முன்னால் நிற்கிற பையன்கள், ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பெஸ்டாஸ் லைன் வீட்டில் ஒரு அறைக்கு ஆறு பேராகப் படுக்கிறார்கள். மழை வந்தால் கட்டில்கூட இல்லாத அந்தத் தரையில்தான் தண்ணீர். இருபதடிப் பெட்டியில் இரண்டு பேர் கௌரவமாக இருக்கலாம். தூண் மேல் இரண்டு அடுக்கு வைத்தால் அரை ஏக்கரில் ஒரு தெருவே குடியேறும். ஆலை இடம் மாறினால் வீட்டையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம். சிப்காட்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து என் வீட்டுக்கு ஒரு டீ சாப்பிட வாருங்கள்!

குறை இல்லையா? பீரோவுக்கு இடமில்லை. அம்மாவின் ஆட்டுக்கல் தூணுக்கு அடியில்தான். அனுமதி விஷயம் ஊருக்கு ஊர் மாறும், உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பல பெட்டிகளின் தரைப்பலகையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள். அதை மாற்றிவிடுங்கள், இல்லையேல் மேலே நன்றாகப் பூசி மூடுங்கள். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் அடியில் இருக்கிற குறுக்குச் சட்டங்களில் துரு எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கி அடியைக் காட்ட மறுக்கிற யார்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.