கலீலா வ திம்னா: விலங்குக் கதைகளும் விசாரணை அறிவும்

அரபு உரைநடையின் தொடக்ககால நூல்களுள் இன்றும் சிறுவர்களின் கைகளில் தவழ்வது எது என்று வினவினால், தயக்கமின்றிச் சொல்லத்தக்க பெயர் ‘கலீலா வ திம்னா’. அரபு இலக்கியம் பயில்வோர் அதனை மொழிநடைக்காகப் படிக்கின்றனர். அரபுலகக் குழந்தைகள் அதனைப் படக்கதையாகப் பார்த்து மகிழ்கின்றனர். நம் தமிழ் வீடுகளிலோ அதே கதைகளில் பலவற்றைப் பஞ்சதந்திரம் என்னும் பெயரில் பாட்டிமாரும் நன்னிமாரும் சொல்லிவந்துள்ளனர். இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்ன?

பேசும் விலங்குகளைக் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பது ஒரு விடை. கதையின் முடிவில் நீதி இருக்கிறது என்பது மற்றொரு விடை. இரண்டும் பொய்யல்ல, ஆயினும் இரண்டும் போதா. பேசும் விலங்குகளைக் கொண்ட எத்தனையோ கதைகள் மறக்கப்பட்டுவிட்டன. நீதி சொல்வதற்கென்றே எழுதப்பட்ட நூல்களோ அவற்றினும் விரைவாக மறக்கப்பட்டன. எனவே மூன்றாவது விடையொன்றை நாம் இங்கு முன்வைக்க விழைகிறோம். இக்கதைகள் குழந்தையைத் தீர்ப்பு வழங்கும் இடத்தில் அமர்த்துகின்றன. அதே வேளையில், அவ்விடத்தில் அமர்வோர் எவ்வாறெல்லாம் ஏமாறக்கூடும் என்பதையும் காட்டுகின்றன. அவற்றின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது.

நூல் வந்த வழியைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். வடமொழிப் பஞ்சதந்திரம் விஷ்ணுசர்மாவின் பெயரால் வழங்குவது. அரசகுமாரர்களுக்கு ஆட்சிநெறி கற்பிக்க எழுந்ததாக அதன் முகவுரை கூறுகிறது. சாசானியப் பேரரசர் குஸ்ரூ அனூஷிர்வான் (ஆட்சி: கி.பி. 531–579) காலத்தில் புர்ஸவைஹி என்னும் மருத்துவர் இந்தக் கதைகளைப் பஹ்லவி மொழியில் ஆக்கினார். அந்தப் பஹ்லவி நூல் இன்று நம்மிடம் இல்லை. அதனைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரபியில் தந்தவர், பாரசீகராகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னுல் முகஃப்பஃ. வடமொழியின் கரடகனும் தமனகனும் அவர் கையில் கலீலாவாகவும் திம்னாவாகவும் ஆயினர். அரபியிலிருந்து 1251இல் ஸ்பானிய மொழிக்கும், ஹீப்ரு வழியாக 13ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கும் நூல் சென்றது. 1678இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் தம் இரண்டாம் தொகுதிக் கதைகளுக்கு இந்த இந்திய ஊற்றுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை உரைநடையில் தந்தார்.

இப்னுல் முகஃப்பஃ தம் நூலுக்கு எழுதிய முன்னுரை, சிறுவர் இலக்கியம் பற்றிச் சிந்திப்போர் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று. விலங்குகளை நாவுடையனவாக ஆக்கியது இளையோரைக் கவர்வதற்காக என்று அவர் ஒளிவின்றிச் சொல்கிறார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. நூலின் இறுதி நோக்கம் சிந்தனையாளனுக்கே உரியது என்கிறார். சிறுவன் உள்ளே இருப்பது என்னவென்று அறியாமலேயே அதனை மனத்தில் பதித்துக்கொள்கிறான். ஆளான பின்போ, பெற்றோர் தனக்கெனப் புதைத்து வைத்த புதையலைக் கண்டெடுத்தவன் போல் ஆகிறான் என்பது அவர் தரும் உவமை. கதையைக் குழந்தைக்குச் சொல்லும்போதே பொருள் முழுவதையும் கொட்டிவிடத் தேவையில்லை என்ற பெரும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

இனி, நூலின் தலைமைக் கதைக்கு வருவோம். வணிகன் ஒருவன் சேற்றில் விட்டுச்சென்ற ஷத்ரபா என்னும் எருது காட்டில் கொழுத்து முழங்குகிறது. அதுவரை அந்த ஓசையைக் கேட்டிராத சிங்கம் அஞ்சுகிறது. திம்னா என்னும் நரி எருதைச் சிங்கத்திடம் அழைத்துவந்து நட்பாக்குகிறது. நட்பு வளர, திம்னாவின் உள்ளத்தில் பொறாமையும் வளர்கிறது. அது சிங்கத்திடம் சென்று, எருது உம்மைக் கொல்ல எண்ணுகிறது என்கிறது. எருதிடம் சென்று, சிங்கம் உம்மைத் தின்ன எண்ணுகிறது என்கிறது. இருவருக்கும் அடையாளங்களையும் சொல்லிவைக்கிறது. எருது நடுங்கியபடி, கொம்புகளை ஆயத்தமாக வைத்து வரும் என்று சிங்கத்திற்கு. சிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, வாலை அடித்தபடி உட்கார்ந்திருக்கும் என்று எருதுக்கு. அச்சமுற்ற இருவரும் ஒருவரிடம் ஒருவர் அந்த அடையாளங்களையே காண்கின்றனர். எருது கொல்லப்படுகிறது.

இங்கே பொய் சொன்னது திம்னா. ஆனால் கொலை நிகழ்ந்தது பொய்யால் மட்டுமன்று. தோற்றத்தைச் சான்றாகக் கொண்டதால். இருவரில் ஒருவராவது மற்றவரிடம் வாய்திறந்து கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கதை கேட்கும் குழந்தைக்கு உண்மை முழுவதும் தெரியும், சிங்கத்திற்குத் தெரியாது. ‘கேட்டுப் பார்க்கக் கூடாதா?’ என்று குழந்தையின் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றம் எந்த நீதிவாக்கியத்தையும்விட ஆழமாகப் பதிவது.

வடமொழிக் கதையில் எருது இறந்தபின் தமனகன் தேற்ற, சிங்கம் தேறுகிறது. நரியின் செல்வாக்கு நிலைக்கிறது. அரபி நூலிலோ அடுத்து ஓர் அத்தியாயம் வருகிறது: திம்னாவின் மீதான விசாரணை. வடமொழியிலும் பழைய சிரியாக் மொழிபெயர்ப்பிலும் இது இல்லாமையால், இதனை இப்னுல் முகஃப்பஃவின் சொந்தச் சேர்க்கை என்றே ஆய்வாளர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். தீயவன் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்னும் அறவுணர்வு இதற்குக் காரணம் என்பர். நம் கருத்தில் அது பாதி விளக்கமே. தண்டனை மட்டுமே வேண்டுமெனில் இரண்டு வரிகள் போதும். சிங்கம் ஓர் அறை அறைந்து முடித்திருக்கும். ஆனால் ஆசிரியர் ஒரு முழு அத்தியாயத்தை விசாரணைக்குச் செலவிடுகிறார்.

அந்த அவையில் நடப்பதைப் பாருங்கள். திம்னா குற்றவாளி என்பதை வாசகர் அறிவர். எனினும் அதற்குப் பேச வாய்ப்பளிக்கப்படுகிறது; அது திறமையாகவே வாதாடுகிறது. பன்றிகளின் தலைவன் எழுந்து, திம்னாவின் கண்ணையும் மூக்கையும் சுட்டிக்காட்டி, முகக்குறியே இது தீயது என்று காட்டுகிறது என வாதிடுகிறது. திம்னா அதனை எளிதில் முறியடிக்கிறது. பிறவியில் அமைந்த உறுப்புகளே நன்மைக்கும் தீமைக்கும் சான்றாகுமெனில், யாரையும் அவரவர் செயலுக்காகப் புகழவோ தண்டிக்கவோ இடமேது என்பது அதன் வாதத்தின் சாரம். அவை வாயடைத்துப்போகிறது. குற்றவாளியின் வாயிலிருந்து வந்தாலும் அந்த வாதம் சரியானதே! இப்படியோர் இக்கட்டில் வாசகரை நிறுத்தும் துணிவு எத்தனை சிறுவர் நூல்களுக்கு உண்டு? முகத்தையும் தோற்றத்தையும் வைத்தே ஒரு மனிதனைக் குற்றவாளி என்று முடிவுகட்டும் வழக்கம் நம் காலத்தில் ஒழிந்துவிடவில்லை. அதன் துயரை நம் சமுதாயம் நன்கறியும். அதே வழக்கம் நம் உள்ளங்களிலும் பிறரைப் பற்றி உண்டு என்பதையும் நாம் மறுக்கலாகாது.

இறுதியில் திம்னாவை வீழ்த்துவது முகக்குறியன்று, சாட்சியம். கலீலா தன் தோழனைக் கடிந்துகொண்டதைத் தற்செயலாகக் கேட்ட சிறுத்தை ஒரு சாட்சி. சிறையில் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்ட மற்றொரு கைதி இரண்டாம் சாட்சி. முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு, ஒருவர் சாட்சியத்தால் மட்டும் தீர்ப்பு உறுதியாகாது என்பதை விடையாகச் சொல்கின்றன. ஃபிக்ஹு நூல்களில் நாம் ‘ஷஹாதத்’ என்னும் பாடத்தில் பயிலும் நெறி, காட்டு விலங்குகளின் வாய்வழியே கதையாக வந்துவிட்டது. இந்தியக் கதை இஸ்லாமியப் பண்பாட்டினுள் வந்தபோது பெற்ற செல்வம் இதுவே.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நூலின் பிற கதைகளும் ஒளி பெறுகின்றன. குழந்தையைக் காத்த கீரியின் வாயில் இரத்தத்தைக் கண்டு, அதனைக் கொன்றுவிட்டுப் பின் வருந்தும் துறவியின் கதை இந்நூலில் உண்டு. இதே கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக்காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் உதவிய செய்தியாகப் பேசப்படுகிறது. அங்கும் கண்ணால் கண்ட இரத்தமே பொய்ச்சாட்சி. ஆராயாத தீர்ப்பினால் தானே உயிரிழக்கப்போகும் ஒருவனின் முன்கதையில் இது அமைந்திருப்பது கருதத்தக்கது.

விலங்குக் கதைகள் மீது நம்மவரிடையே சில ஐயங்கள் உண்டு. விலங்கு பேசுவதாகச் சொல்வது பொய்யல்லவா என்பது முதல் ஐயம். இதற்கு இமாம் ஹரீரி (மறைவு: ஹி. 516) தம் மகாமாத்தின் முன்னுரையிலேயே விடை தந்துள்ளார். வாயில்லா உயிர்களையும் உயிரற்ற பொருள்களையும் பற்றிப் புனையப்பட்ட கதைகளை எந்த அறிஞரும் வெறுத்து ஒதுக்கியதில்லை என்று அவர் நினைவூட்டுகிறார். கேட்பவர், சொல்பவர் இருவருமே புனைவென அறிந்திருக்கும் சொல் ஏமாற்றாகாது. உவமையும் பொய்யும் ஒன்றல்ல.

இரண்டாவது ஐயம் கனமானது. மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்கள் சிறுவர்களுக்காக எழுதிய ‘கஸஸுன் நபிய்யீன்’ நூலின் தொடக்கத்தில், பிள்ளைகளின் கையில் பூனை, நாய், சிங்கம், ஓநாய்க் கதைகளே இருப்பதைக் கண்டு வருந்துகிறார்கள். நபிமார்களின் வரலாறு முதலிடம் பெற வேண்டும் என்ற அவர்களின் கவலை நியாயமானது. அந்நூல் நம் நாட்டு அரபுப் பாடசாலைகளுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அக்கவலை முன்னுரிமை பற்றியது, விலக்கு பற்றியதன்று என்றே நாம் விளங்குகிறோம். அவர்களே தொகுத்த ‘முக்தாராத்’ நூலில் இப்னுல் முகஃப்பஃவின் உரைநடைக்கும் இடமளித்துள்ளமை இதற்குச் சான்று.

நபிமார் வரலாறு மெய். விலங்குக் கதை புனைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. எனினும் ஒன்று மற்றொன்றுக்கு மனத்தைப் பண்படுத்த முடியும். அந்நம்லு அத்தியாயத்தில் ஹுத்ஹுத் பறவை அவையில் இல்லாததைக் கண்ட நபி ஸுலைமான் (அலை) அவர்கள், தக்க காரணம் காட்டாவிடில் தண்டிப்பதாகக் கூறுகிறார்கள்; அது செய்தியோடு வந்தபோது உடனே நம்பவுமில்லை, உடனே மறுக்கவுமில்லை; உண்மையா பொய்யா என்று ஆராய்வதாகக் கூறிக் கடிதத்தை அனுப்புகிறார்கள். யூஸுஃப் அத்தியாயத்தில் ஒரு சட்டையின் இரத்தம் பொய்யாகிறது. மற்றொரு சட்டையின் கிழிசல், முன்புறமா பின்புறமா என்று ஆராயப்பட்டு உண்மையை நிலைநாட்டுகிறது. எருதின் கொம்பையும் கீரியின் வாயையும் கண்டு பதறிய பிள்ளை, இந்த இறைவசனங்களை ஓதும் வயதில் அவற்றின் நுட்பத்தை விரைந்து உணரும்.

மூன்றாவது ஐயம், இக்கதைகள் தந்திரத்தைக் கற்பிக்கின்றன என்பது. தந்திரத்தைக் காட்டுகின்றன என்பதே சரி. திம்னாவைச் சந்திக்காமல் வளர்ந்த பிள்ளை, வாழ்க்கையில் திம்னாவை அடையாளம் காண்பது எங்ஙனம்? அதேபோது நூல் குறையற்றதன்று. கணவனை ஏமாற்றும் மனைவியர் பற்றிய கிளைக்கதைகள் சில சிறுவருக்கு உகந்தவையல்ல. தேர்ந்தெடுத்துத்தான் தர வேண்டும். மேலும், விசாரணையில் நரி தண்டிக்கப்படுகிறதே தவிர, ஆராயாமல் கொன்ற சிங்கத்தை எவரும் விசாரிப்பதில்லை. அரசனின் வருத்தமே அவனுக்குப் போதிய தண்டனை எனக் கதை அடங்கிவிடுகிறது. முடியாட்சியின் நிழலில் எழுதியவரின் எல்லை அது. அவர் வாழ்வும் அதற்குச் சான்று: முறையான விசாரணையின் அருமையைக் கதையாக்கிய இப்னுல் முகஃப்பஃ, கலீஃபா மன்ஸூரின் காலத்தில் பஸராவின் ஆளுநரால் அத்தகைய விசாரணை எதுவுமின்றிக் கொல்லப்பட்டதாகவே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அப்போது அவர் நாற்பது வயதையும் எட்டவில்லை.

இன்று இக்கதைகளுக்கு நேரும் தீங்கு, அவற்றைக் கைவிடுவதால் மட்டுமன்று, சுருக்குவதாலும் நேர்கிறது. வலையோடு பறந்த புறாக்களின் கதையைச் சொல்லி, ‘ஒற்றுமையே வலிமை’ என்று முடித்துவிடுகிறோம். நூலில் கதை அதன்பின் தொடர்கிறது. எலி வலையைக் கடிக்க வரும்போது, புறாக்களின் தலைவி தன் கட்டை முதலில் அறுக்க வேண்டாம், மற்றவர்களின் கட்டுகளை அறுத்துவிட்டு வா என்கிறது. என்னை முதலில் விடுவித்தால் களைப்பில் மற்றவர்களை விட்டுவிடக்கூடும். நான் கடைசியில் இருந்தால், என் மீதுள்ள அன்பினால் களைத்தாலும் நிறுத்தமாட்டாய் என்பது அதன் கணக்கு. தலைமை என்றால் என்ன என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும் இடம் இது. கதையின் அடியில் ஒட்டப்படும் ஒற்றை வரி நீதி அந்தக் கண்டுபிடிப்பைப் பறித்துவிடுகிறது. தீர்ப்பைக் குழந்தைக்கு முன் நாமே எழுதிவிடுகிறோம்.

தமிழில் வழங்கும் பஞ்சதந்திரம் வடமொழி மரபைச் சார்ந்தது. ஆதலால் திம்னாவின் விசாரணை அதில் இல்லை. அரபு பயின்ற நம் ஆலிம்கள் செய்யத்தக்க பணி இங்கே காத்திருக்கிறது. அந்த அத்தியாயத்தைச் சிறுவர்க்கேற்ற எளிய தமிழில், நீதிவரி ஒட்டாமல் தர வேண்டும். மக்தபுகளில் அதனைச் சொல்லும் உஸ்தாத், தீர்ப்புக்கு முன்னால் சற்று நிறுத்தி, ‘நீங்கள் அந்த அவையில் இருந்தால் என்ன கேட்பீர்கள்?’ என்று பிள்ளைகளிடம் வினவட்டும். சாட்சி எங்கே என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை அப்பழக்கம் உருவாக்குமானால், இப்னுல் முகஃப்பஃ சொன்ன புதையல் உரியவர் கைகளில் சேர்ந்துவிட்டது என்று நாம் நிறைவு கொள்ளலாம்.