தம்புராவுடன் ஒரு ரீங்காரம்

இசைத்தட்டுக்கான முன்பெருக்கியை வீட்டிலேயே அமைக்கச் சொல்லும் சுற்றுப்படங்கள் பலவற்றைக் கண்டிருப்பீர்கள். பெருக்கும் பகுதியை அவை விரிவாகவே விளக்குகின்றன. மின்வழங்கிக்கோ, மூலையில் ‘+12 வோல்ட்’ என்ற குறிப்பு மட்டுமே! இதைப் பெருங்குறை என்பேன்.

கடலூரில் என் மாணவர்கள் அத்தகைய சுற்று ஒன்றை அமைத்தனர். சிதம்பரத்தில் நண்பர் வீட்டில் வாய்ப்பாட்டுத் தட்டு ஒன்றைச் சுழலவிட்டோம். தம்புராவோடு வேறொரு ரீங்காரமும் கேட்டது. மாணவர்கள் முகம் வாடிவிட்டது.

காரணம் என்ன? காந்த வகை ஊசித்தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். 1954இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமப்படி, தாழ்ந்த ஒலிகள் தட்டில் குறைத்தே பதியப்படுகின்றன. முன்பெருக்கி அவற்றை உயர்த்தவேண்டும். 1,000 ஹெர்ட்சில் 100 மடங்கு பெருக்கும் சுற்று, 100 ஹெர்ட்சில் ஏறத்தாழ 450 மடங்கு பெருக்கும். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலைத் திருத்தி நேர்மின்னோட்டமாக்கும்போது எஞ்சும் அலைவும் அதே 100 ஹெர்ட்ஸ்! அது உள்வாயிலில் சிறிது கசிந்தாலும் போதும்.

நீங்களே சோதிக்கலாம். மின்வழங்கியைக் கழற்றிவிட்டு எட்டு டார்ச் செல்களைத் தொடராக இணையுங்கள். எங்கள் ரீங்காரம் உடனே அடங்கியது. உங்களுடையது அடங்காவிட்டால் உள்வாயில் கம்பியையும் புவி இணைப்பையும் ஆராயுங்கள்.

பின்னர் எல்.எம்.317 நிலைப்படுத்தியைச் சேர்த்து, அதன் சரிசெய் முனையில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் இணைத்தோம். மின்மாற்றியைத் தனிப் பெட்டியில் தள்ளி வைத்தோம். இப்போது தம்புரா மட்டுமே கேட்கிறது.

சுற்றுப்படம் தருவோர் மின்வழங்கியையும் முழுமையாக வரைந்து தரட்டும். மாணவனின் உழைப்பும் காசும் வீணாகாமல் இருக்கும்.