ஒரு பதவி, இரு கையொப்பம்: ஆர்க்கன்சோத் தந்திகள் பற்றிய ஒரு திறனாய்வு

சொல்லை எண்ணிச் செலவிடும் பழக்கத்தை உலகுக்குக் கற்பித்தது தந்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்ற நியதி வந்தபின், அன்பும் துயரும் ஆணையும் நாலைந்து சொற்களுள் அடங்கின. எமது தோட்டப் புறங்களில் தந்திச் சேவகன் வருவதைக் கண்டதுமே, செய்தி யாதென வினவாமல் லயத்துப் பெண்கள் அழத் தொடங்கிய காலம் ஒன்றிருந்தது. சாவையன்றி வேறெதற்கும் ஏழைக்குத் தந்தி வந்ததில்லை. அக்காலம் கழிந்தது. இந்தியாவில் 2013 ஜூலையோடு தந்திச் சேவையே முடிவுற்றது. எனினும் தந்தி விட்டுச்சென்ற எழுத்துக்கள் ஆவணங்களாய் நிலைத்துள்ளன. அவற்றை வரலாற்றாசிரியர் சான்றாகப் பயன்படுத்துவர். இலக்கியம் பயின்ற நாமோ அவற்றை உரைநடையாகவும் கொண்டு மதிப்பிடலாம். அவ்வாறு மதிப்பிடுவதற்கு ஒரு தொகுதியை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் 1874ஆம் ஆண்டு ஏப்பிரில், மே மாதங்களில் ஆளுநர் பதவிக்காக இருவர் படைதிரட்டிப் பொருதினர். அப்போது அம்மாநிலத் தலைநகராகிய லிற்றில் றொக்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய அரசியற் தந்திகளும் இராணுவத் தந்திகளுமே அத்தொகுதி. அவற்றை அளக்கும் கோலை நம் நன்னூலிலிருந்தே எடுக்கலாம். பவணந்தியார் நூலுக்குரிய பத்து அழகினுள் சுருங்கச் சொல்லலை வைத்தார். அவரே பத்துக் குற்றங்களை எண்ணுமிடத்துக் குன்றக் கூறலையும் வைத்தார். சுருக்கம் எங்கே முடிகின்றது, குறைவு எங்கே தொடங்குகின்றது என்பதே தந்தியைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் வினா.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். நம் நாட்டில் மாகாண ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கின்றார். அமெரிக்காவிலோ மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் எலைஷா பாக்ஸ்டரும் யோசப் புரூக்ஸும் போட்டியிட்டனர். இருவருமே குடியரசுக் கட்சியின் இரு பிரிவினைச் சேர்ந்தவர்கள். வாக்கு மோசடி நிகழ்ந்ததென்ற குற்றச்சாட்டுக்களின் நடுவே பாக்ஸ்டர் வென்றதாக அறிவிக்கப்பட்டு, 1873 சனவரியிற் பதவியேற்றார். புரூக்ஸ் வழக்குத் தொடுத்தார். ஓராண்டுக்கு மேல் இழுபட்ட அவ்வழக்கில், 1874 ஏப்பிரில் 15ஆம் நாள், பாக்ஸ்டரின் வழக்கறிஞர் மன்றில் இல்லாத வேளையிற் புரூக்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார் வட்ட நீதிபதி ஒருவர். அன்றே புரூக்ஸ் ஆயுதந் தாங்கிய ஆட்களோடு அரசு மனையினுட் புகுந்து பாக்ஸ்டரை வெளியேற்றினார். வெளியேறிய பாக்ஸ்டர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, அதே வீதியிலுள்ள விடுதி ஒன்றைத் தம் தலைமையிடமாக்கிக் கொண்டார். ஒரு மாநிலம், ஒரு வீதி, அவ்வீதியில் இரண்டு ஆளுநர்கள்.

இனித் தந்திகளுக்கு வருவோம். இருவரும் உடனடியாகச் சனாதிபதி யுலிசஸ் கிராண்டுக்குத் தந்தியடித்தனர். பாக்ஸ்டரின் தந்தி, தாம் வன்முறையால் அகற்றப்பட்டதையும், தம் தரப்பினர் இல்லாத வேளையில் தீர்ப்பு வழங்கப்பட்டதையும் கூறி ஆதரவு வேண்டுகின்றது. புரூக்ஸின் தந்தி, தாம் நீதிமன்றத் தீர்ப்பின்படி முறையாகப் பதவியேற்றதைக் கூறி, மத்திய அரசின் ஆயுதசாலையில் இருக்கும் மாநிலத்துக்குரிய ஆயுதங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்கின்றது. ஒருவர் முறையீடு செய்கின்றார். மற்றவர் நிருவாகஞ் செய்கின்றார். துப்பாக்கி கேட்கும் கோரிக்கை, அலுவலகக் கடிதம் ஒன்றின் அமைதியான நடையில் வெளிவருதலை மாணவர் உற்றுநோக்குக. சினந்து பேசுவோனினும் அமைந்து பேசுவோன் சில வேளைகளில் அஞ்சத்தக்கவன்.

ஆயினும் இவ்விரு தந்திகளிலும் மிக வலிய சொல் உள்ளடக்கத்தில் இல்லை. இறுதி வரியில் இருக்கின்றது. இரண்டுமே ஆர்க்கன்சோ ஆளுநர் என்ற ஒரே பதவிப் பெயரைக் கையொப்பத்தின்கீழ்த் தாங்கின. இது வெறும் ஆடம்பரம் அன்று. அமெரிக்க அரசியல் யாப்பின் நாலாம் உறுப்புரை, மாநிலத்துள் வன்முறை எழுந்தால் சட்டசபையோ, அது கூட இயலாதபோது நிருவாகத் தலைவரோ கேட்டால் மத்திய அரசு உதவவேண்டும் என்கின்றது. கேட்பவர் ஆளுநராயின் படை வரும், அல்லராயின் வராது. எனவே வழக்கு முழுவதும் அந்தக் கையொப்பத்தினுள் அடங்கிவிடுகின்றது. மாநிலம் ஒன்றில் இரு அரசுகள் உரிமை கோரினால் எதனை ஏற்பது என்பது நீதிமன்றத்தின் வேலையன்று, அரசியல் அதிகாரத்தின் வேலை என்று 1849ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் றோட் ஐலண்ட் வழக்கொன்றில் உரைத்திருந்தது. ஆகவே கிராண்ட் யாரை எப்பெயரால் விளிப்பார் என்பதே தீர்ப்பாயிற்று. நிறுவவேண்டிய பொருளையே நிறுவப்பட்டதாக வைத்துக்கொண்டு தொடங்குதல் வாதத்துக்குக் குற்றமென்பர் அளவை நூலார். அக்குற்றத்தை வாக்கியமாக எழுதினால் எவரும் மறுப்பர். கையொப்பமாக எழுதினால் கண் அதனைக் கடந்து போய்விடுகின்றது.

அடுத்து இராணுவத் தந்தி. போர்ச் செயலாளர் பெல்க்னாப் வழியாக லிற்றில் றொக் ஆயுதசாலையில் இருந்த படைக்குச் சென்ற கட்டளையின் சாரம் இது: அரசியற் பிணக்கில் எப்பக்கமும் சேராதீர், இரத்தஞ் சிந்துதலையும் ஆயுதக் குழுக்களின் மோதலையும் தடுக்கவேண்டின் மட்டும் தலையிடுக. இத்தொகுதியில் நன்னூலார் அழகு என்று ஒப்பக்கூடிய தந்தி இதுவே. செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, விதிவிலக்கு என்னும் மூன்றும் ஒரே மூச்சில் அமைகின்றன. கட்டளையை நிறைவேற்றியவர் தளபதி தோமஸ் றோஸ். உள்நாட்டுப் போரின்போது 1864இல் றிச்மண்ட் நகரின் லிபி சிறையிலிருந்து சுரங்கம் தோண்டி நூற்றொன்பது பேர் வெளியேற வழிசெய்தவர் அவர். இங்கே அவர் தம் வீரரை இரு படைகளுக்கும் நடுவே வீதியில் நிறுத்தினார். நடுநிலை என்ற சொல் அன்று ஒரு வீதியின் அகலம் ஆயிற்று.

எனினும் திறனாய்வாளன் இவ்விடத்தில் நின்றுவிடுதல் ஆகாது. சொல்லளவில் நிறைவான அக்கட்டளை, பொருளளவில் ஒரு மாதத்தை இருதரப்பாருக்கும் கொடுத்தது. அம்மாதத்திற் படைகள் பெருகின. ஆர்க்கன்சோ ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பழைய பீரங்கி ஒன்று நகரில் ஏற்றப்பட்டது. ‘லேடி பாக்ஸ்டர்’ என்னும் பெயரோடு இன்றும் பழைய அரசு மனை முன்றிலில் அது நிற்கின்றது. ஏப்பிரில் 30இல் நியூ காஸ்கனியில் மோதல். மே 8இல் ஹாலி என்னும் நீராவிப் படகு பலார்ம் அருகே சுடப்பட்டு உயிர்கள் மாண்டன. வாஷிங்டனிலிருந்து சமரச யோசனைகள் இருவருக்கும் தந்தி வழியே சென்றன. முழு இணக்கம் பிறக்கவில்லை.

இனிக் குன்றக் கூறல் என்னும் குற்றத்தைக் காண்பாம். இத்தந்திகள் சட்டம், நீதிமன்றம், அமைதி, குடியரசு ஆட்சி என்பவற்றையே பேசுகின்றன. பிணக்கின் வேர்களுள் ஒன்று வேறிடத்தில் இருந்தது. பாக்ஸ்டரைப் பதவியில் ஏற்றிய கட்சித் தலைவர்கள் புகையிரதப் பாதைக் கம்பனிகளுக்கு மாநிலக் கடன் பத்திரங்களை எதிர்பார்த்தனர். 1874 மார்ச்சில் பாக்ஸ்டர் அவற்றை வழங்க மறுத்தார். உடனே ஆதரவுகள் இடம் மாறின: முன்பு பாக்ஸ்டரைத் தாங்கியோர் புரூக்ஸைத் தாங்கினர்; பாக்ஸ்டரை எதிர்த்த சனநாயகக் கட்சியினர் அவர்பக்கம் சேர்ந்தனர். ஆளுநராய் இருப்பவர் யார் என்ற வினாவின் கீழே, கடன் பத்திரத்திற் கையொப்பமிடுபவர் யார் என்ற வினா இருந்தது. தந்திகள் முதல் வினாவை மாத்திரமே சுமந்து சென்றன.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இரு படைகளிலும் துப்பாக்கி ஏந்தியோருள் மிகப் பலர், ஒன்பது ஆண்டுகளின் முன்னரே அடிமைத்தளை முற்றாக நீங்கப்பெற்ற கறுப்பினத்தவர். தலைவர்களோ, புரூக்ஸ் பக்கத்தில் ஃபேகன், பாக்ஸ்டர் பக்கத்தில் நியூட்டன் என, முன்னர் தென்னாட்டுப் படையிற் பணிபுரிந்தோர். வயலிலிருந்து வந்தவன் யாருக்காகச் சுட்டான், யாரால் சுடப்பட்டான், அவன் பெயர் யாது? தந்திகளில் அவன் தொகை. படை என்ற சொல்லின் ஒரு பகுதி. அவனுடைய எதிர்காலமே அப்பிணக்கிற் பணயமாக வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டே புதிய அரசியல் யாப்பு வந்தது. சனநாயகக் கட்சியினராகிய ஓகஸ்டஸ் கார்லண்ட் ஆளுநரானார். போருக்குப் பிந்திய சீரமைப்புக் காலம் அம்மாநிலத்தில் முடிந்தது. 1891ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்கு வரியும் கறுப்பின மக்களுட் பெரும்பாலோரை வாக்குச் சாவடியிலிருந்து அகற்றின.

தந்தியில் வரலாறு தேடலாமோ, அது சுருங்கியிருத்தல் இயல்பன்றோ எனச் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. ஆயின் அதே தந்திகளில் பதவிப் பெயருக்கு இடமிருந்தது. எதிரியின் குற்றத்துக்கு இடமிருந்தது. தம் செயலின் நியாயத்துக்கும் இடமிருந்தது. இடம் இல்லாமையால் விடுபட்டது வேறு. எண்ணத்தில் இல்லாமையால் விடுபட்டது வேறு. முன்னையது சுருக்கம், பின்னையது குறைவு. மாந்தர் எதனை விடுக்கின்றனர் என்பதிலிருந்தே அவர் எதனைப் பொருட்படுத்தவில்லை என்பதை அறிகின்றோம்.

மே 15ஆம் நாள் கிராண்ட் பிரகடனம் வெளியிட்டார். பாக்ஸ்டரே ஆளுநர், எதிர்த்து நிற்போர் பத்து நாட்களுள் கலைந்து வீடு செல்க என்பது அதன் பொருள். புரூக்ஸ் தரப்பினர் கலைந்தனர். கதை அங்கு முடிந்திருப்பின் இத்தொகுதியை ஒழுங்கான நூல் என்னலாம். 1875 பெப்ருவரி 8இல் அதே கிராண்ட் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், 1872இல் முறையாகத் தெரிவானவர் புரூக்ஸே என்பது தம் கருத்து என எழுதினார். மாறுகொளக் கூறல் என்னும் குற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரசாங்க எழுத்திற் கிடைத்தல் அரிது. மக்களவை தலையிட மறுத்தமையால் நிலைமை மாறவில்லை. புரூக்ஸ் லிற்றில் றொக் நகரின் தபாலதிபரானார். ஆளுநராகத் தந்தி அனுப்பியவர், பிறருடைய கடிதங்களைச் சேர்ப்பிக்கும் பதவியோடு அமைந்தார்.

இவ்விடத்து நம் புறநானூற்றுக் காட்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. சோழர் குலத்து நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருக்கின்றான். கோவூர்கிழார் இருவருக்கும் பொதுவாகப் பாடுகின்றார்: இருவர் சூடியதும் ஆத்தி, எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்பது அவர் கருத்து. புலவர் எவன் உரிமை பெரிதென்று தீர்ப்பளிக்கவில்லை. இருவர் கண்முன்னும் நின்று, இருவரும் மறந்ததைச் சொன்னார். தந்திக் கம்பி அதனைச் செய்ய இயலாது. அது ஒருவரிடமிருந்து மேலே போகும். மேலிருந்து ஒருவருக்குக் கீழே வரும். லிற்றில் றொக்கில் ஒரே வீதியில் இருந்த இருவர், தம்முட் பேசாது ஆயிரங்கல் தொலைவிலிருந்தவரோடு பேசினர்.

யட்டியாந்தோட்டையில் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவேன். 1915ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் எமது சப்பிரகமுவ மாகாணத்தையும் கவிந்தது. அப்போது எழுந்த இராணுவக் கட்டளை ஒன்றின் பிரதியை ஈ. டபிள்யூ. பெரேரா தம் சப்பாத்தினுள் மறைத்து இலண்டனுக்குக் கொண்டு சென்றார் என்பர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அச்சட்டத்தின் கொடுமையைச் சட்டநிரூபண சபையில் எடுத்துரைத்து, நூலாகவும் எழுதினார். ஆட்சியாளரின் சுருங்கிய எழுத்தைப் பிறர் படித்து வினாவெழுப்பியமையாலேயே உண்மை வெளிவந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டமும் வந்தன. தோட்டத் தொழிலாளர் என்ற சொல் அவற்றுள் எங்கும் பழித்துரைக்கப்படவில்லை. அவர்கள் பெயரே இல்லாத சில வாசகங்கள், என் பாட்டனார் தலைமுறையினரின் வாக்கைப் பறித்தன. முழுப் பரிகாரத்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

ஆதலின் மாணவர்க்கு யான் கூறுவது இது. அரசாங்கத் தாளொன்று கைக்கு வரின், முதலில் கையொப்பத்தைப் பார்க்க. அடுத்து யாருக்கு எழுதப்பட்டதென்று பார்க்க. உள்ளடக்கத்தை இருமுறை படிக்க. இறுதியாக, இத்தாளால் யாருடைய வாழ்வு மாறும், அவர் பெயர் இதில் உண்டோ என்று வினவுக. இல்லையெனின், அத்தாள் எத்துணை அழகிய நடையில் அமைந்திருப்பினும், நன்னூலார் வகுத்த குற்றம் அதன்பால் உண்டு. அக்குற்றத்தின் கூலியை எழுதியவர் கொடுப்பதில்லை, எழுதப்படாதவரே கொடுக்கின்றனர்.