பலகை மேல் நடப்பது

தரையில் ஒரு மரப்பலகை. இரண்டு விரற்கடை உயரம்கூட இருக்காது. ஆனால் ஹெட்செட்டை மாட்டியதும் அதுவே எண்பதாவது மாடியிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பலகை என்று தெரிந்தும் கால் நகர மறுக்கிறது! உள்ளரங்க விஆர் (மெய்நிகர்) பூங்காக்களில் காசுக்குத் தகுந்தது இந்த விளையாட்டுதான் என்பேன்.

சூட்சுமம் பழையது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டினால் மூளை ஆழத்தை உணர்ந்துவிடும் என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். 1984-இல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்திலும் அதே வித்தைதான். புதிதாகச் சேர்ந்தது, தலை திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்புவது. 2016-இல் வந்த ரிஃப்ட், வைவ் ஹெட்செட்டுகள் நொடிக்கு 90 முறை படத்தை மாற்றின.

விஆரில் ரோலர் கோஸ்டர் வகையறா மட்டும் வேண்டாம். ஓடுகிறோம் என்கிறது கண், உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது உள்காது. இந்தச் சண்டையில் வயிறு பிரட்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு என் தீர்ப்பு: கத்திரி வெயில் மதியமோ, ஐப்பசி அடைமழையோ என்றால் தாராளமாகப் போகலாம். மாலையில் வேண்டாம். ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 1836-இல் ஒளிரத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, உப்புக்காற்று எல்லாம் அங்கே இலவசம்.

போவதானால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். ஹெட்செட்டில் முகத்தில் படும் பஞ்சை உங்கள் கண்முன்னே துடைத்துத் தரச் சொல்லுங்கள். நம்மூர் வியர்வைக்கு அது அவசியம்.