மூச்சு வாங்கும் இடம்

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் மலையேறும். சேலம், ஈரோடு, சென்னை என்று பல ஊர்ச் சபைகளின் வாலிபர் முகாம்கள். மூன்று நாள் தங்கல். காலையில் தியானம், மாலையில் பாட்டு, நடுவில் ஒரு நாள் மலைநடை. கடைசி இரவு சாட்சி வேளையில் யாராவது எழுந்து, குரல் தழுதழுக்க, "மலை மேலதான் ஆண்டவரைப் பார்த்தேன்" என்பார்கள். பத்தொன்பது வயதில் நானும் அப்படி எழுந்து சொன்னவன். மனமறிந்த பொய் இல்லை அது. ஆனால் அந்தச் சாட்சியில் மலைக்குக் கொடுத்த பெருமை மலைக்குத்தான் உரியதா என்ற கேள்வி பிறகு பல நடைகளில் என்னோடு கூடவே வந்தது.

ஏற்காட்டில் அழகுக்குக் குறைவில்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து, லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்தைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு நின்றுபோகும். பகோடா பாயிண்டில் மூடுபனி விலகும் நிமிடமும் அப்படித்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த இடங்களில் யாரும் என்னிடம் மனம் திறந்ததில்லை. பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், வண்டியேறுவார்கள். மனம் திறந்தது எல்லாம் ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போகும் வழியில், காப்பித் தோட்ட ஓரங்களில், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் நிழலில், பார்க்க எதுவும் இல்லாத ஏற்றங்களில். ஞாயிறுதோறும் சபையில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி, இரண்டு வருடமாகத் தனியாக ஒரு ஜெபம்கூடச் செய்யவில்லை என்று எனக்குச் சொன்னது அப்படி ஓர் ஏற்றத்தில்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

இந்த வழக்கத்தின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆலயத்தில் எல்லாரும் ஒரு திசை பார்த்து உட்காருகிறோம், பேசுகிறவர் ஒருவர். ஜெபக்குழுவில் வட்டமாக உட்காருகிறோம், எல்லார் கண்ணும் எல்லார் மேலும் இருக்கும். நடையில் தோளோடு தோள். ஏற்றம் வாக்கியத்தைச் சுருக்கிவிடுகிறது. பக்திப் பேச்சின் நீட்டி முழக்கலுக்கு நுரையீரலில் இடமில்லை. ஒருவர் சொன்னதற்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை, அடுத்த வளைவு வரை மௌனமாக நடந்தால் யாருக்கும் உறுத்தாது. பிரசங்கிக்குக் கிடைக்காத பொறுமை அந்த மௌனத்துக்குக் கிடைக்கிறது.

வேதத்திலும் இதற்குச் சரியான காட்சி ஒரு மலைக்காட்சி இல்லை என்பதைக் கவனிக்கலாம். எருசலேமிலிருந்து எம்மாவூருக்கு நடந்த இரண்டு சீஷர்கள், நம்பிக்கை உடைந்து, நடந்ததையெல்லாம் தர்க்கித்துக்கொண்டு போகிறார்கள். மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்து நடக்கிறார். சுமார் பதினொரு கிலோமீட்டர் வழி. வழிநெடுக அவரை அடையாளம் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் "எங்களோடு தங்கும்" என்று வருந்திக் கேட்டு, ஒரு கூரைக்குக் கீழே அப்பம் பிட்டபோதுதான் கண் திறக்கிறது. நடை இதயத்தை இளக்கியது. அடையாளம் காட்டியது பந்தி. இந்த இரண்டாம் பாதியை நம் முகாம்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

நடையை விசுவாசத்தோடு சேர்த்துப் பார்ப்பது தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதிதும் அல்ல. ஜான் பனியனின் நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதி 1894-இல் வெளியான 'இரட்சணிய யாத்திரிகம்' இரட்சிப்பையே ஒரு வழிநடையாகப் பாடிய காவியம். செப்டம்பர் 8 திருவிழாவுக்காக வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கில் நடந்து போகும் மக்களுக்கு யாரும் நடையின் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் முகாம் நடை வசதியானது, குறுகியது, இளையவர்களுக்கு மட்டுமே ஆனது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, உயரத்தில் உண்டாகும் கிளர்ச்சியை விசுவாசம் என்று எண்ணிவிடுவது. மறுரூப மலையில் பேதுரு மூன்று கூடாரம் போடலாம் என்றாரே, அந்த ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் கீழே இறங்கியதும் அவர்கள் முன்னால் நின்றது வலிப்பில் துடிக்கும் ஒரு பையனும், கதறும் தகப்பனும், ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற மற்ற சீஷர்களும். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336 ஏப்ரலில் தம்பியோடு தென் பிரான்சின் வென்தூ மலை மேல் ஏறியதைப் பற்றி எழுதிய கடிதமும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. உச்சியில் நின்று காட்சியில் திளைத்தவர், கையோடு கொண்டுபோன அகுஸ்தீனாரின் நூலைத் திறக்கிறார். மனிதர்கள் மலைகளை வியக்கப் போகிறார்கள், தங்களையே மறந்துவிடுகிறார்கள் என்ற கருத்துள்ள பகுதி கண்ணில் படுகிறது. வெட்கப்பட்டு, இறங்கும் வழியெல்லாம் பேசாமலே வந்ததாக எழுதுகிறார். முகாமின் கடைசி இரவில் எடுக்கும் தீர்மானங்களில் எத்தனை ஜூன் மாதத்தைத் தாண்டுகின்றன என்று கேட்டால் எங்களுக்கும் அந்த மௌனம் வரும். குளிர், களைப்பு, கிட்டார், கூட்டுக் கண்ணீர் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் உருக்கம் நல்லதுதான். அதன் மேல் ஒரு வாழ்க்கையைக் கட்டச் சொல்லி இளம் பிள்ளைகளை அவசரப்படுத்துவது நல்லதல்ல.

இரண்டாவது குறை, நடைக்கு வராதவர்கள். முழங்கால் தேய்ந்த அம்மாக்கள், லீவு கிடைக்காத மில் தொழிலாளி, வெளியூரில் தங்க வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்பிள்ளைகள். இவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, "என்ன ஒரு ஐக்கியம்!" என்று அவர்கள் முன்னாலேயே சொல்கிறோம். மலையில் ஒரே தண்ணீர் பாட்டிலில் எல்லாரும் குடிக்கிறோம். வழுக்கும் பாறையில் யார் கை என்று பார்க்காமல் பிடிக்கிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்காகச் சுவர் எழுப்பிய சரித்திரம் தமிழகத் திருச்சபைக்கு உண்டு. பாட்டில் மாறிய கைகள் கீழே வந்தபின் கல்யாணப் பேச்சில் என்ன செய்கின்றன என்பதை வைத்துத்தான் அந்த நடையை எடை போடுவேன். அந்தக் கணக்கில் நாங்கள் தேறியதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது குறையைத்தான் நான் மிகவும் தாமதமாகக் கண்டேன். மலை வெறுமையாக இருக்கிறது, அதில் தேவனும் நாமும் மட்டும் என்ற நினைப்பு. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்ற பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. சுமார் 1620 மீட்டர் உயரத்தில், குகைக்குள் இருக்கும் சேர்வராயனும் காவேரியம்மனும் அவர்கள் தெய்வங்கள். அந்தத் திருவிழாவும் மே மாதத்தில்தான், மலைக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒருமுறை வழியில் விறகுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி எங்களை நிறுத்தி, "பஸ்ஸு இருக்குதே, ஏன் கண்ணு நடக்கிறீங்க? வேண்டுதலா?" என்று கேட்டார். எங்களில் பதினாறு பேருக்கும் பதில் வரவில்லை. நடையும் வேண்டுதலும் ஒன்று என்பது அவருக்கு இயல்பாகத் தெரிந்திருந்தது. நாங்கள் அதையே ஒரு கண்டுபிடிப்பாக நினைத்து வந்திருந்தோம்.

அந்த மலையில் நிதானமாகத் தங்கியவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த பீட்டர் பெர்சிவல் 1882-இல் காலமானது ஏற்காட்டில். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், ஓய்வுக்காலத்தில் இந்த மலையில் வாழ்ந்தார். ஒருவர் ஒரு மொழியைச் சொல் சொல்லாகப் படித்தவர், மற்றவர் நிலத்தைக் கல் கல்லாகப் படித்தவர். இருவரும் தங்கள் காலத்தின் ஆட்சிக்கும் மிஷனுக்கும் உட்பட்டவர்களே, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் மூன்று நாளில் மலையிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைக்கும் எங்களுக்கு அவர்களின் பொறுமை ஒரு பாடம். பாக்சைட்டுக்காக வெட்டிய காயங்களும், தோட்டக் கூலிகளின் லைன் வீடுகளும் இதே மலையில்தான் இருக்கின்றன. சிருஷ்டியின் அழகைத் துதிக்கும் பாட்டில் அவற்றுக்கும் இடம் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு, ஜெபித்துவிட்டுத்தான் போனோம் என்று சொல்வது விசுவாசம் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் நான் நடையை விடவில்லை. போன முறை ஒரு மாற்றம் செய்தோம். சபையிலேயே முழங்கால் மோசமான அக்கா ஒருவரை வற்புறுத்திக் கூட்டி வந்து, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம் என்று வைத்துக்கொண்டோம். கோயில் மேட்டை எட்டவில்லை. பாதி வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இளவட்டங்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். அக்கா கட்டி வந்திருந்த புளிசாதத்தைப் பிரித்து, கடைக்காரருக்கும் ஒரு கை வைத்தார். அவர் பணம் வாங்க மறுத்து, தன் மகள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னார். எந்த வார்டு என்று அக்கா கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வார்டுக்கு எங்களில் நான்கு பேர் போனோம். பதினாறு பேரில் நான்கு பேர்.