விற்கப்பட்ட பசுமை வங்கி

பிரித்தானிய அரசு 2012இல் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய பசுமை முதலீட்டு வங்கி, தூய ஆற்றலுக்கென்றே அரசுப் பணத்தில் அமைந்த வங்கிகளுள் முன்னோடியானது. அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கவில்லை. தெருமுனைக் கிளைகளும் அதற்கு இல்லை. அரசு ஒதுக்கிய மூலதனத்தைத் தனியார் தயங்கும் திட்டங்களில் பங்காகவும் கடனாகவும் போட்டு, அதைப் பார்த்துப் பிறரும் பணம் போட முன்வரச் செய்வதே அதன் வேலை. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிகள் நீண்டகாலக் கடனைச் சுருக்கிக்கொண்ட காலம் அது.

இப்படி ஒரு வங்கி ஏன் வேண்டும் என்பது வட்டிக் கணக்கில் தெரிந்துவிடும். அனல்மின் நிலையத்துக்கு ஆண்டுதோறும் எரிபொருள் வாங்க வேண்டும். காற்றுக்கு விலை இல்லை. காற்றாலைச் செலவில் பெரும்பங்கு கட்டும்போதே ஆகிவிடுகிறது. எனவே அந்தப் பணம் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்பதே மின்சாரத்தின் அடக்கவிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 10 கோடி பவுண்டு கடனை 20 ஆண்டுகளில் சமத் தவணைகளாக அடைப்பதாகக் கொள்வோம். 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 94 லட்சம் பவுண்டு. 10 விழுக்காட்டில் 1 கோடியே 17 லட்சம். சுழலியிலும் காற்றிலும் மாற்றமில்லை; கடன் கொடுப்பவரின் அச்சம் மட்டுமே தவணையைக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு உயர்த்திவிடுகிறது.

அந்த அச்சத்தைக் குறைத்ததில்தான் வங்கியின் உண்மையான சாதனை இருக்கிறது. யார்க்ஷயர் கரைக்கு அப்பாலுள்ள வெஸ்டர்மோஸ்ட் ரஃப் கடல் காற்றாலை இதற்கு நல்ல சான்று. தலா 6 மெகாவாட் திறனுள்ள 35 சுழலிகள், மொத்தம் 210 மெகாவாட். சீமென்ஸின் அந்தப் புதிய சுழலி வணிக அளவில் முதலில் நிறுவப்பட்டது அங்கேதான். பழக்கமில்லாத இயந்திரம், நடுக்கடலில் வேலை என்றால் கட்டி முடியட்டும் பார்க்கலாம் என்பதே நிதியாளர்களின் வழக்கமான பதில். பசுமை வங்கியோ கட்டுமானம் முடியுமுன், 2014இலேயே, ஜப்பானின் மருபேனி நிறுவனத்துடன் சேர்ந்து டென்மார்க்கின் டோங் எனர்ஜியிடமிருந்து பாதிப் பங்கை வாங்கியது. இதனால் டோங்கின் முதலீட்டில் ஒரு பகுதி அடுத்த வேலைக்கு விடுபட்டது. சிறிய கடன்களிலும் சிந்தனை இருந்தது: கிளாஸ்கோ மாநகராட்சி தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்ற வாங்கிய கடனை, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே அடைக்கும்படி வங்கி வகுத்தது.

2017 மார்ச் வரை 100 திட்டங்களுக்கு 340 கோடி பவுண்டு ஒதுக்கியதாகவும், அதனுடன் 860 கோடி பவுண்டு தனியார் பணம் சேர்ந்ததாகவும் கணக்கு. இந்த விகிதத்தை அப்படியே வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது. வங்கி இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய பணம் இதில் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த எண் விடை தருவதில்லை. முதலீட்டின் மீது ஆண்டுக்குக் குறைந்தது 3.5 விழுக்காடு ஈட்ட வேண்டும் என்ற இலக்கும் வங்கிக்கு இருந்தது. மக்கள் பணத்தைக் காக்க அது நியாயமான கட்டுப்பாடுதான். ஆனாலும் லாபம் காட்ட வேண்டிய நிறுவனம் ஓரளவு முதிர்ந்த துறைகளின் பக்கமே சாயும். பணத்தில் பெரும்பகுதி கடல் காற்றாலைக்கும் கழிவிலிருந்து ஆற்றல் எடுக்கும் ஆலைகளுக்கும் சென்றது. கடலலை, கரிமப் பிடிப்பு போன்ற, உண்மையிலேயே தனியார் தொடத் தயங்கிய துறைகளில் அதன் கை அரிதாகவே பட்டது.

இதைவிடப் பெரிய குறை வடிவமைப்பில் இருந்தது. சந்தையில் கடன் திரட்டும் உரிமை வங்கிக்குக் கொடுக்கப்படவில்லை. அது வாங்கும் கடன் நாட்டின் பொதுக் கடனில் சேர்ந்துவிடும் என்பது கருவூலத்தின் கவலை. கடன் வாங்க முடியாத வங்கி ஒரு நிதி ஒதுக்கீடுதான். ஒவ்வொரு முறையும் அரசின் கையையே எதிர்பார்க்க வேண்டும். வங்கியைத் தனியார்மயமாக்கினால் அது தாராளமாகக் கடன் திரட்டலாம் என்று 2015இல் அரசு வாதிட்டது. தானே போட்ட முட்டுக்கட்டையை விற்பனைக்குக் காரணமாக அரசு காட்டியது கண்டிக்கத்தக்கது. பசுமை நோக்கத்தைக் காத்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவுகளை நீக்க 2016இல் வழிசெய்யப்பட்டது. 2017 ஆகஸ்டில், 230 கோடி பவுண்டு மதிப்பிலான ஒப்பந்தத்தில், வங்கி ஆஸ்திரேலியாவின் மக்குவாரி குழுமத்தின் கைக்குப் போனது.

பசுமை நோக்கத்தைக் காக்கச் சிறப்புப் பங்கு ஒன்று ஐந்து அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவன விதியிலுள்ள நோக்கத்தை மாற்றவிடாமல் அவர்களால் தடுக்க முடியும். பிரித்தானியாவில் முதலீடு செய் என்று கட்டளையிட முடியாது. பசுமைப் பணியின் தொடர்ச்சியைவிடப் பொதுக் கடனைக் குறைப்பதே முன்னிலை பெற்றதாக நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2018இல் குறை கூறியது.

இந்த முடிவைத் தவிர்த்திருக்க முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே எடுத்துக்காட்டு. அங்கே தூய ஆற்றல் நிதிக் கழகம் 2012இல் தனிச் சட்டத்தின் கீழ், 1000 கோடி ஆஸ்திரேலிய டாலர் நிதியுடன் உருவானது. அடுத்த ஆண்டே பதவியேற்ற டோனி அபட் அரசு அதைக் கலைக்க மசோதா கொண்டுவந்தும் செனட் இடம் கொடுக்கவில்லை. சட்டத்தில் ஊன்றிய கழகம் ஆட்சி மாற்றத்தைத் தாங்கி இன்றும் இயங்குகிறது. ஆனால் பிரித்தானியாவில் ஆளுங்கட்சிக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மை இருந்ததால் அங்கிருந்த சட்டக் காப்பு எளிதில் உடைந்தது.

விற்று நான்கே ஆண்டுகளில், 2021இல், பிரித்தானிய அரசு லீட்ஸ் நகரில் உள்கட்டமைப்பு வங்கி என்ற பெயரில் புதிய பொது வங்கியைத் தொடங்கியது. இம்முறை 500 கோடி பவுண்டு மூலதனத்துடன், 700 கோடி பவுண்டு வரை கடன் பெறும் உரிமையும் அதற்கு வழங்கப்பட்டது.